பழைய அம்பாசடரில் பிளக் கறுத்துக்கொண்டே இருந்தால்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். கல்லிடைக்குறிச்சியில் தாத்தா வாங்கிய 1973 அம்பாசடர் மார்க் 2, பெட்ரோல் வண்டி. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுகிறீர்கள். கல்யாணம், கோவில் என்றால்தான் வெளியே எடுப்பது. சமீபத்தில் இரண்டு செட் பிளக் மாற்றியாகிவிட்டது. புதிது போட்டதும் வண்டி நன்றாக இருக்கிறது. கொஞ்ச நாளில் நான்கும் கறுத்துவிடுகின்றன. மூன்றாவது மட்டும் எப்போது கழற்றினாலும் ஈரம். சாரல் நேரத்தில் குற்றாலம் போனபோது ஆழ்வார்குறிச்சி தாண்டியதும் மிஸ்ஸிங் அடித்து, இழுவையே இல்லாமல் கடையத்தில் ஓரங்கட்டியிருக்கிறீர்கள். மெக்கானிக் மூன்றாவது செட் வாங்கச் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்காதீர்கள். புதுப் பிளக் போட்டதும் சரியாகி, சில வாரத்தில் மறுபடி கெடுகிறது என்றால், பிளக்கைக் கெடுக்கிற ஏதோ ஒன்று வண்டியில் இருக்கிறது. காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை மாற்றிப் பயன் இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கோளாறு ஒன்றல்ல, இரண்டு. நான்கும் ஒரேபோல் கறுப்பது ஒன்று, மூன்றாவது மட்டும் நனைவது இன்னொன்று. சாரலில் மிஸ்ஸிங் வந்தது இந்த இரண்டாவதோடு சேர்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டையும் போட்டுக் குழப்பியதால்தான் பழி பிளக் மேல் விழுந்திருக்கிறது.

முதலில் கறுப்பை எடுத்துக்கொள்வோம். பிளக்கின் நுனியில் வெள்ளைப் பீங்கான் மூக்கு தெரிகிறதே, ஓடும்போது அது 450, 500 டிகிரி செல்சியஸாவது சூடாக வேண்டும். அந்தச் சூட்டில்தான் அதன்மேல் படிகிற கரி தானாக எரிந்து போகும். 850 டிகிரியைத் தாண்டினால் வேறு வம்பு வரும்: ஸ்பார்க் விழும் முன்பே அந்த நுனிச் சூட்டில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் ஓடுகிற பிளக்கை யாரும் துடைக்க வேண்டியதில்லை. ஷெட்டில் நின்றபடி ஸ்லோவில் பத்து நிமிடம் ஓடுகிற இன்ஜினில் அந்த மூக்கு 450ஐ எட்டவே எட்டாது. பெட்ரோலைக் கூட்டிவிடுகிற சோக்கும் இழுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். காயில் அனுப்புகிற ஆயிரக்கணக்கான வோல்ட், இடைவெளியைத் தாண்டிப் பொறியாக விழாமல், கரி படிந்த பீங்கான் வழியாகவே இறங்கி எர்த்துக்குப் போய்விடும். ஸ்பார்க் பலவீனமானால் பெட்ரோல் முழுதாக எரியாது, அதனால் இன்னும் கரி படியும்.

அதாவது வண்டி நன்றாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் நீங்கள் செய்கிற காரியமே பிளக்கைக் கொன்றுகொண்டிருக்கிறது. நம் பக்கத்தில் பழைய வண்டி வைத்திருக்கிற வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். ஸ்டார்ட் செய்தால் வெளியே எடுங்கள், இல்லையென்றால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். பாபநாசம் வரை போய்த் திரும்பினாலே போதும். டாப் கியரில் இன்ஜினுக்குக் கொஞ்சம் வேலை கொடுத்து ஓட்டுங்கள். பேட்டரிக்காகத்தான் ஓடவிடுகிறேன் என்றால், ஸ்லோவில் ஓடும் டைனமோ பேட்டரிக்கு ஒன்றும் தருவதில்லை. செல்ஃப் எடுத்ததைக்கூட அது திருப்பித் தராது. ஒரு சிறிய சார்ஜர் வாங்கி மாட்டிவிடுங்கள்.

சோக் பற்றியும் ஒரு வார்த்தை. மார்கழி விடியலிலும் நம் சமவெளியில் குளிர் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். முதல் உதைக்கு இழுத்துவிட்டு, இன்ஜின் பிடித்ததும் உள்ளே தள்ளிவிட வேண்டும். ஆனால் பழைய வண்டிகளில் டேஷ்போர்டில் குமிழ் உள்ளே போயிருக்கும், கேபிள் துருப்பிடித்து கார்புரேட்டரில் லீவர் பாதியிலேயே நிற்கும். பானெட்டைத் திறந்து வைத்து, வேறொருவரைக் குமிழை இழுத்துத் தள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் லீவரைப் பாருங்கள். கடைசி வரை போய்த் திரும்புகிறதா? இல்லையென்றால் நான்கும் கறுப்பதற்கு அது ஒன்றே போதும். அப்புறம் ஏர் கிளீனர். எண்ணெய் ஊற்றி வைக்கிற பழைய வகையாக இருந்தால் அடியில் சேறு கெட்டியாகி இருக்கிறதா என்று பாருங்கள். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் தேரி மண்ணில் ஓடுகிற வண்டிகளுக்கு இது பெரிய தலைவலி. அந்தச் செம்மண் தூசி மாவு போல நுணுக்கமானது, காற்று வழியை அடைத்துவிடும். காற்று குறைந்தால் பெட்ரோல் தூக்கலாகும். மூன்றாவதாக, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கிற மிதவையும் அதன் ஊசியும். ஊசி சரியாக உட்காராவிட்டால் கார்புரேட்டர் வழிந்து, நின்ற வண்டியைச் சுற்றி பெட்ரோல் வாடை அடிக்கும்.

இதையெல்லாம் சரி செய்துவிட்டு, பழைய பிளக்குகளையே சுத்தம் செய்து போடுங்கள். கம்பி பிரஷ்ஷால் பீங்கானைத் தேய்க்காதீர்கள். தேய்க்கும்போது கம்பியின் உலோகம் கோடு கோடாகப் பீங்கானில் ஒட்டும், அந்தக் கோடும் மின்சாரத்துக்கு வழிதான். பெட்ரோலில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து உலர்த்தினால் போதும். மின்முனைகளை மட்டும் மெல்லிய உப்புத்தாளில் ஒரு தடவை இழுத்து, விளிம்பு கூராக இருக்கும்படி விடலாம். கூரான விளிம்பிலிருந்து ஸ்பார்க் சுலபமாகத் தாவும். உருண்டுபோன விளிம்புக்கு வோல்ட் கூடுதலாக வேண்டும். மணல் அடித்துச் சுத்தம் செய்கிற மெஷினைச் சில பழைய பட்டறைகளில் இன்னும் வைத்திருக்கிறார்கள். அதில் அடித்தால் மணல் ஒன்றுகூட உள்ளே தங்காமல் ஊதி எடுக்க வேண்டும். பீங்கானுக்கும் உலோகத்துக்கும் நடுவில் சிக்கியிருக்கிற மணல், பிறகு சிலிண்டருக்குள்தான் விழும்.

இப்போது பிளக்கைப் பார்க்கும் விதம். ஷெட்டில் ஓடவிட்டு நிறுத்திக் கழற்றினால் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நாலு வழிச்சாலையில் நாங்குநேரி பக்கம் இருபது நிமிடம் ஒரே சீராக ஓட்டுங்கள். பிறகு ஓரமாகப் பாதுகாப்பான இடம் பார்த்து, ஓடும் வேகத்திலேயே கிளட்சை அழுத்திச் சாவியை அணைத்து, அப்படியே உருண்டு நில்லுங்கள். ஸ்டியரிங் பூட்டு வைத்த வண்டியாக இருந்தால் சாவியைப் பூட்டு வரை திருப்பிவிடாமல் கவனம். இன்ஜின் ஆறக் கொஞ்ச நேரம் கொடுங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை ஊதிவிட்டுக் கழற்றுங்கள், இல்லையென்றால் தூசி முழுவதும் ஓட்டை வழியாக உள்ளே போகும். ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்று, உங்கள் பக்கம் வர வர இரண்டு, மூன்று, நான்கு. வரிசை மாறாமல் ஒரு அட்டையில் குத்தி வையுங்கள்.

ஒரு பிளக்கைத் தனியாகப் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறவரை நம்பாதீர்கள். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். நான்கும் ஒரே நிறம் என்றால் எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றில் கோளாறு: கார்புரேட்டர், சோக், காற்று, டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்), காயில். ஒன்று மட்டும் மாறினால் அந்த சிலிண்டருக்கே உரியது: வயர், பிளக், வால்வு, பிஸ்டன் ரிங். பக்கத்துப் பக்கத்து இரண்டு மாறினால் இன்னும் சுவாரசியம். இந்த 1489 சி.சி. இன்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் வகை. அதன் ஹெட்டில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே காற்று வழி, மூன்றுக்கும் நான்குக்கும் ஒரே வழி. புகை போகிற பக்கம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரே வாய். அதனால் ஒன்றும் இரண்டும் வெளுத்து, மற்றவை சரியாக இருந்தால், அந்தப் பக்கத்து மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் மூன்றும் ஒன்றாகச் சொதப்பினால் ஹெட் கேஸ்கட் அந்த நடுவில் போயிருக்கலாம். அதுதான் அதிகம் சூடேறும் இடம்.

நிறங்களைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். காய்ந்த, துடைத்தால் கையில் ஒட்டுகிற கரி என்றால் பெட்ரோல் தூக்கல். மினுமினுப்பான, பிசுபிசுப்பான கறுப்பு என்றால் ஆயில். மேட்டிலிருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கிவிட்டு மறுபடி மிதிக்கும்போது பின்னால் நீலப்புகை வந்தால் வால்வு கைடும் அதன் ரப்பர் சீலும்; மிதித்து ஏறும்போதெல்லாம் வந்தால் ரிங். வெளுத்து, மேலே சின்னச் சின்னக் கொப்புளம் போட்டிருந்தால் சூடு அதிகம்: பெட்ரோல் குறைவு, டைமிங் முந்தியிருப்பது, அல்லது தவறான நம்பர் பிளக். மற்ற மூன்றும் அழுக்காக இருக்க ஒன்று மட்டும் கழுவி எடுத்தது போல் பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. பீங்கானின் வெளிப்பக்கம், உலோகத்தை ஒட்டி வட்டமாக ஒரு பழுப்புக் கறை தெரியும். அதைப் பார்த்துப் பிளக் லீக் ஆகிறது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அது உயர் மின்னழுத்தத்தால் காற்றிலுள்ள எண்ணெய்த் தூசி ஒட்டியது. ஒரு கெடுதலும் இல்லை. மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால்தான் கவனிக்க வேண்டும். ஸ்பார்க் வெளிப்பக்கமாகவே வழுக்கிப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இனி உங்கள் மூன்றாவது சிலிண்டர். ஈரம் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், என்ன ஈரம் என்று எழுதவில்லை. விரலில் தடவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஊதினால் சீக்கிரம் காய்ந்தால், அந்த சிலிண்டரில் பெட்ரோல் வருகிறது, நெருப்பு இல்லை. பிசுபிசுவென்று ஒட்டி, காயவே இல்லை என்றால் ஆயில், அதைக் கடைசியில் பார்ப்போம். என் ஊகம் பெட்ரோல். ஆயிலாக இருந்தால் புதுப் பிளக் போட்டதும் வண்டி அவ்வளவு நன்றாக ஓடியிருக்காது, புகையைப் பற்றியும் நீங்கள் ஒரு வார்த்தை எழுதியிருப்பீர்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இந்த ஒரு விதியை மீறுவதால்தான் பட்டறைகளில் பாதி நாள் வீணாகிறது. மூன்றாவது பிளக்கை ஒன்றாவதிலும், ஒன்றாவதை மூன்றாவதிலும் போட்டு ஓட்டிப் பாருங்கள். ஈரம் பிளக்கோடு சேர்ந்து ஒன்றாவதுக்குப் போனால் பிளக்தான் குற்றவாளி. மூன்றாவதிலேயே நின்றால் பிளக் நிரபராதி. அடுத்தது வயர்: நீளம் எட்டினால் மூன்றின் வயரையும் நான்கின் வயரையும், காயிலின் மின்சாரத்தை நான்கு பிளக்குக்கும் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பிலும் பிளக்கிலும் சேர்த்தே இடம் மாற்றுங்கள். வரிசை குழம்பிவிடக் கூடாது. பி-சீரிஸின் வெடிப்பு வரிசை 1-3-4-2, மேலிருந்து பார்த்தால் கேப்புக்குள் இருக்கிற ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். கோளாறு நான்குக்குப் போய்விட்டால் வயர். அப்போதும் மூன்றிலேயே இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப், அல்லது இன்ஜினுக்குள்.

வயரை மல்டிமீட்டரிலும் பார்த்துவிடலாம். உள்ளே செம்புக் கம்பி என்றால் ஓம் ஏறக்குறைய பூஜ்யம். கார்பன் நூல் வகை என்றால் சில ஆயிரத்திலிருந்து பதினைந்து, இருபதாயிரம் ஓம் வரை காட்டலாம். அளவே காட்டாமல் போனால் உள்ளே அறுந்திருக்கிறது. அறுந்த வயரிலும் ஸ்பார்க் தாவித் தாவிப் போகும், அதனால்தான் வெயிலில் ஓடி மழையில் கெடுகிறது. பழைய லூகாஸ் வகைக் கேப்புகள் சிலவற்றில் வயரை உட்புறமிருந்து ஒரு கூர்ஸ்குரு குத்திப் பிடித்திருக்கும். அந்த ஸ்குரு செம்புக் கம்பியைக் குத்தத்தான் ஏற்பட்டது. அதில் கார்பன் வயரை மாட்டினால் குத்திய இடத்தில் நூல் கருகி, கொஞ்ச நாளில் தொடர்பு விட்டுவிடும். கடையில் 'அம்பாசடர் வயர் செட்' என்று கேட்டு வாங்கியது இந்த இரண்டில் எது என்று பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் படுத்துவதற்கு இது மிகச் சாதாரணமான காரணம், ஆனால் கேப்பைக் கழற்றி உள்ளே பார்க்காமல் கண்ணில் படாது.

இன்னொன்றும் உண்டு. மூன்றாவது வெடித்ததும் அடுத்து வெடிப்பது நான்காவது. இரண்டு வயரும் ஒன்றையொன்று ஒட்டி நீளமாக ஓடினால், மூன்றின் மின்சாரம் நான்கிலும் ஒரு சிறு பொறியைத் தூண்டும். அப்போது நான்காவது சிலிண்டர் பெட்ரோலை அமுக்கிக்கொண்டிருக்கிற நேரம், முன்கூட்டியே பற்றிவிடும். வயர்களை அழகாகச் சேர்த்துக் கட்டி வைப்பது பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். மூன்றையும் நான்கையும் பிரித்து விடுங்கள், ஒன்றையும் இரண்டையும் அதேபோல்.

சாரல் விஷயத்துக்கு வருவோம். தென்காசிப் பக்கத்துச் சாரல் பெருமழை மாதிரி கொட்டிவிட்டு நிற்பதில்லை; பஞ்சு மாதிரி நாள் முழுக்க மிதந்து, கிரில் வழியாக உள்ளே வந்து எல்லாவற்றின் மேலும் படியும். கேப், வயர், காயிலின் தலை இவற்றில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் இருந்தால் அந்த ஈரத்தோடு சேர்ந்து மின்சாரத்துக்கு வழி கிடைத்துவிடும். வீட்டிலேயே சாரலை வரவழைத்துச் சோதிக்கலாம். அமாவாசை இருட்டில் விளக்கையெல்லாம் அணைத்து, இன்ஜினை ஓடவிட்டு, செடிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்பிரேயால் மெல்லிய தூறலாக வயர்களின் மேல் அடியுங்கள். லீக் உள்ள இடத்தில் நீலமாகப் பொறி ஊர்வது தெரியும். கையை வைக்காதீர்கள், ஃபேனிலிருந்து வேட்டி, துண்டை விலக்கி வையுங்கள். பெட்ரோல் எங்காவது கசிந்திருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

கேப்பைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குப் பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கோடு தெரிந்தால் கேப் போச்சு. சுரண்டி எடுத்தாலும் திரும்ப வரும். நடுவிலிருக்கிற கார்பன் குச்சி ஸ்பிரிங்கில் மேலும் கீழும் போக வேண்டும். ரோட்டரையும் விடாதீர்கள். திசையன்விளையில் ஒரு பத்மினி கார் இப்படித்தான் ஊரிலுள்ள எல்லாப் பட்டறையையும் பார்த்துவிட்டு வந்தது; பிளக், வயர், காயில் எல்லாம் புதிது. ரோட்டரின் அடியில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், அதன் வழியாக ஸ்பார்க் நேராக டிஸ்ட்ரிபியூட்டர் தண்டுக்கே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வண்டி இருந்தது கடலோரம். உவரி, இடிந்தகரை, திருச்செந்தூர் என்று உப்புக்காற்றில் நிற்கிற வண்டிகளுக்குக் கேப்பின் பித்தளை முனைகள் பச்சை பூத்துவிடும், இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் பட்டையும் துருப்பிடிக்கும். எர்த் சரியில்லாத வண்டியில் எதை மாற்றினாலும் பலன் பாதிதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகளில் இன்றைக்கும் விட்டு விட்டு மிஸ்ஸிங் அடிப்பது இருந்தால், முதலில் அந்தப் பட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்டிப் பாருங்கள்.

பிளக்கை வெளியே எடுத்து ஹெட்டில் சாய்த்து ஸ்பார்க் பார்ப்பது எல்லோரும் செய்வது. அதில் ஒரு ஏமாற்று உண்டு. வெளிக்காற்றில் தாவுகிற ஸ்பார்க், சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட காற்றில் தாவும் என்று சொல்ல முடியாது. அமுக்கம் கூடக் கூட வோல்ட் அதிகமாக வேண்டும். அதனால் ஒரு பழைய பிளக்கின் வெளிமுனையை ஐந்தாறு மில்லிமீட்டர் அகலத்துக்கு வளைத்துத் திறந்து, அதைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் நீலமாக, சடக் சடக்கென்று சத்தத்தோடு தாவினால் காயிலும், அதன் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கிற பாயிண்ட்டும் நன்றாக இருக்கின்றன. மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் அங்கே தேடுங்கள். திறந்து கிடக்கிற பிளக் ஓட்டைக்கு அருகில் இதைச் செய்யக் கூடாது, பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

பாயிண்ட்டுக்கு இடைவெளி 0.36இலிருந்து 0.41 மி.மீ. வரை, பீலர் கேஜில் 15 என்று போட்ட தகடு பிடித்தாற்போல் போனால் சரி. முகம் நீலம் பூத்துக் கருகியிருந்தால், பாயிண்ட்டில் பொறி பறக்காமல் காக்கிற கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். இப்போது வருகிற கண்டென்சர்கள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. வேலை செய்கிற பழையதை, புதிதாக இருக்கட்டுமே என்று கழற்றி எறியாதீர்கள். காயிலின் சின்ன முனைகள் இரண்டுக்கும் நடுவில் 3 ஓம் வாக்கில் காட்ட வேண்டும். ஒன்றரை ஓம் காயிலை எதிர்ப்புக் கம்பி இல்லாமல் நேரடியாக மாட்டிவைத்த வண்டிகள் நிறைய. காயில் தொட முடியாமல் சுடும், பாயிண்ட் சீக்கிரம் கருகும். இதெல்லாம் உங்கள் வண்டிக்கு இப்போதைக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் மற்ற மூன்று சிலிண்டரும் ஓடுகின்றன.

சித்திரை வெயிலில் வள்ளியூர் தாண்டி வண்டி திடீரென்று நின்று, அரை மணி நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிற கதை வேறு. அது பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்ததா, காயில் சூட்டில் விட்டதா என்று ஆறிய பிறகு கண்டுபிடிக்க முடியாது. நின்ற அந்த நிமிடமே சோதனைப் பிளக்கை மாட்டிப் பார்க்க வேண்டும். ஸ்பார்க் இருந்தால் பெட்ரோல், இல்லையென்றால் காயில் அல்லது கண்டென்சர்.

புதுப் பிளக் எப்போதாவது வாங்கத்தானே வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண பிளக் 10,000 கி.மீ. வாக்கில் மாற்றினால் போதும். இரிடியம் எல்லாம் இந்த இன்ஜினுக்கு வீண்செலவு. சூடு, குளிர் நம்பரில்தான் எல்லோரும் சறுக்குவது. மூக்கின் சூட்டைச் சீக்கிரம் ஹெட்டுக்குக் கடத்துவது குளிர்ந்த வகை, சூட்டைப் பிடித்து வைப்பது சூடான வகை. என்.ஜி.கே. கம்பெனிப் பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த வகை. பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் சூடான வகை. அதோடு பெரியவர்கள் இன்னும் மைக்கோ பிளக் என்றுதான் கேட்பார்கள். 1951இல் பெங்களூரில் தொடங்கிய அந்த மைக்கோ 2008இல் பாஷ் என்று பெயர் மாறியது. பழைய மைக்கோ டப்பாவில் 145, 175, 225 என்று இருக்கும், அந்தக் கணக்கில் எண் கூடினால் குளிர். தாத்தாவின் குறிப்பேட்டில் இருக்கிற பழைய நம்பரை இப்போதைய நம்பரோடு நேராக ஒப்பிட்டால் தலைகீழாகிவிடும். என்.ஜி.கே. 6ம் பாஷ் 7ம் ஏறக்குறைய ஒன்று. அதிகம் மெதுவாகவே ஓடுகிற வண்டிக்கு என்.ஜி.கே.யில் 5 போட்டுப் பார்க்கலாம், மூக்கு கொஞ்சம் சீக்கிரம் சூடேறும். ஆனால் சோக்கையும் ஏர் கிளீனரையும் சரி செய்த பிறகுதான்.

மரைப் பகுதியின் நீளம் முக்கியம். இந்த ஹெட்டுக்கு 14 மி.மீ. மரை, 19 மி.மீ. நீளம். 12.7 மி.மீ. குட்டைப் பிளக்கும் அதே ஓட்டையில் ஏறும், வண்டியும் ஓடும். ஆனால் ஸ்பார்க் குழிக்குள் ஒளிந்துகொள்ளும், மிச்ச மரையில் கரி ஏறி இறுகும், பின்னால் சரியான பிளக் இறங்காது. கழற்றிய நான்கையும் ஒன்றோடொன்று நீளம் ஒப்பிட்டுப் பாருங்கள். கலந்து போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பத்மினிக்கு இந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அது வேறு இன்ஜின்.

பிளக்கின் இடைவெளி 0.64 மி.மீ., கேஜில் 25 தகடு. டப்பாவில் வருவது பெரும்பாலும் 0.8 மி.மீ. அல்லது அதற்கு மேல், புதிய வண்டிகளுக்கான அளவு. 'கம்பெனி செட்டிங், தொடாதீங்க' என்று கடைக்காரர் சொல்வார். தொடுங்கள். பழைய காயிலுக்கு அந்த அகலம் அதிகம், அதுவும் ஈரமான நாளில். வளைப்பது வெளிமுனையை மட்டும். நடு முனையை நெம்பினால் பீங்கான் விரியும். மாட்டும்போது முதலில் கையாலேயே மரை முழுதும் ஏற்றுங்கள், கை நின்ற பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று. வாஷர் பழையது என்றால் மிகச் சிறிய திருப்பல் போதும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது, இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்கு எரியக் காற்று குறைவாகப் போதும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற பழைய ஜெட் வழியாக அது உள்ளே போகும்போது கலவை கொஞ்சம் மெலிந்ததாகிவிடும். சாலையில் ஓட்டிக் கழற்றிய பிளக் பழைய புத்தகப் படத்தில் இருப்பது போல் காப்பிப்பொடி நிறமாக இல்லாமல் வெளிறித் தெரிந்தால் அதுவே கோளாறு அல்ல. கொப்புளமும், மேட்டில் டிக் டிக் என்று தட்டுகிற சத்தமும் சேர்ந்து இருந்தால் ஒரு சைஸ் பெரிய ஜெட் போடலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியின் டாங்கை நிரப்பி வைக்காமல், எடுக்கும்போது புதிதாகப் போடுவது நல்லது. பழைய ரப்பர் குழாய்களையும் ஒரு தடவை விரலால் அமுக்கிப் பாருங்கள், கொழகொழவென்று இருந்தால் உடனே மாற்றுங்கள்.

எல்லாம் பார்த்தும் மூன்றாவது நனைந்துகொண்டே இருந்தால், அல்லது முகர்ந்து பார்த்ததில் அது ஆயில் என்று தெரிந்தால், கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கிற பட்டறைக்குப் போங்கள். நான்கு பிளக்கும் கழற்றி, காயிலுக்குப் போகிற வயரை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். எவ்வளவு என்பதைவிட நான்கும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே முக்கியம். மூன்றாவது மற்றவற்றைவிடப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. கேஜில் நான்கும் நன்றாக இருந்தும் ஆயில் வருகிறது என்றால் வால்வு கைடு சீல்தான், அதற்கு இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. இன்ஜின் வேலை என்று யாராவது பெரிய தொகை சொன்னால், இந்த நான்கு எண்களையும் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு பேசுங்கள்.